சட்டைப்பையில் அடங்கும் பிஸ்டல்: நம் ஊரில் வைத்திருக்க முடியுமா?

பொன்தராசு (திங்கள், இரவு 10.12)

சுங்கை சிப்புட்டில் என் அப்பா தொடங்கிய சின்னப் பட்டறையை நடத்துகிறேன். நகை செய்வதும் பழுது பார்ப்பதும்தான் தொழில். கண்ணாடிப் பெட்டிகள் அடுக்கிய பெரிய கடை இல்லை. போன மாதம் ஒரு மாலை, பட்டறையைப் பூட்டிவிட்டுப் பின்சந்தில் திரும்பினேன். கப்சாய் மோட்டார் சைக்கிள் ஒன்று உரசுவதுபோல் வந்து நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவன் கையில் பாராங் கத்தி. பையைக் கொடுத்துவிட்டேன். உள்ளே இருந்தது மெருகு போட வந்த ஒரு தாலிக்கொடி. அந்த அம்மாளுக்குப் புதுக்கொடி செய்து கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டார். ஆனால் கழுத்தில் போட்டுப் பார்க்கவில்லை.

ஹியூஸ்டனில் இருக்கும் என் சித்தப்பா மகன் வீடியோ அழைப்பில் உள்ளங்கையை விரித்துக் காட்டினான். ரூகர் எல்சிபி பிஸ்டல். தொழில் புத்தி போகுமா, முதலில் எடையைத்தான் கேட்டேன். தோட்டா போடாமல் 266 கிராம் என்றான். 33 பவுன். காற்சட்டைப் பையில் போட்டால் வெளியே தெரியவே தெரியாது.

இப்படி ஒன்றை உரிமம் எடுத்து நம் மலேசியாவில் வைத்துக்கொள்ள முடியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். புத்திமதி வேண்டாம், தகவல் வேண்டும்.

செம்பனைச்சடக்கு (திங்கள், இரவு 10.31)

தகவல்: மனு போடலாம், கிடைப்பது வேறு. எனக்கு இருப்பது காட்டுப்பன்றிக்கான இரட்டைக்குழல் துப்பாக்கி, 12 போர் அளவு. அதற்கே நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். சுடப் போவதற்கு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி தனி. என் கன்றுகளைப் பன்றி தோண்டியதை அதிகாரிகள் நேரில் பார்த்தார்கள், அதனால் காரணம் சொல்வது எளிதாக இருந்தது. உங்கள் பன்றி இரண்டு காலில் நடக்கிறது.

முன்னாள்சார்ஜன் (செவ்வாய், காலை 6.05)

ஐயா, நான் போலீசில் முப்பது ஆண்டு இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது ஆடு வளர்க்கிறேன். உங்களுக்கு நடந்ததற்கு வருந்துகிறேன். கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் கொடுப்பதும் மறுப்பதும் மாநிலப் போலீஸ் தலைவரின் கையில். தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி உரிமம் பெற்றவர்கள் இருக்கிறார்கள், ஆனால் மிகச் சிலர். "பயமாக இருக்கிறது" என்பது போதாது. பயத்துக்கு எழுத்து வடிவில் ஆதாரம் வேண்டும். உங்கள் வழிப்பறிப் புகாரின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். உரிமம் கிடைத்த பிறகும் பொருளைத் தொலைத்தால் அது உங்கள் குற்றம்.

இனி கேட்காததையும் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையில் சேர்ந்தபோது எங்கள் இடுப்பில் .38 ரிவால்வர். கனமாக இருக்கும், கையில் நிற்கும். ஒருமுறை உள்ளங்கையளவு பிஸ்டல் ஒன்றைச் சுடும் தளத்தில் சுடச் சொன்னார்கள். பிடியில் இரண்டு விரல்தான் உட்கார்ந்தது, சுண்டுவிரல் அந்தரத்தில். குழல் குட்டையாக இருப்பதால் குறிபார்க்க உதவும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையில் தூரமே கிடையாது. கை ஒரு மயிரிழை அசைந்தாலும் குண்டு போகும் இடம் ஒரு சாண் விலகும். இலேசான பொருள் என்பதால் உதை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். பத்துத் தோட்டாவில் ஆறு அட்டையிலேயே படவில்லை. அப்போது நான் பரிசு வாங்கிய சுடுகாரன்! சின்னது எளிது என்று நினைக்காதீர்கள். சின்னதுதான் கடினம்.

ஹியூஸ்டன்மாப்பிள்ளை (செவ்வாய், காலை 9.20)

வீடியோவில் காட்டியவன் நான்தான். அண்ணன் இந்த மன்றத்தில் இழை தொடங்கியது தெரிந்து வந்தேன்.

சார்ஜன் ஐயா சொன்னது உண்மை. இதை வாங்கி நாலு ஆண்டாகிறது. முதல் ஆறு மாதம் ஏழு அடி தூரத்து அட்டையையே தவறவிட்டேன். இது .380 தோட்டா, பிடிக்குள் செருகும் மேகசினில் ஆறு, குழலில் ஒன்று. மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால், மேலே நகரும் பாகமான ஸ்லைடு முழுதாகப் பின்னே போகாது, காலித்தோட்டா பாதி வழியில் சிக்கி நிற்கும். அந்த நேரத்தில் கையில் இருப்பது 33 பவுன் இரும்பு.

பையில் வைப்பதிலும் ஒழுங்கு உண்டு. விசையை மூடும் உறை இல்லாமல் வைக்கக் கூடாது. அந்தப் பையில் சாவி, சில்லறை, கைக்குட்டை எதுவும் இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை பஞ்சுத்தூசியைத் தட்டி எண்ணெய் துடைக்க வேண்டும். ஹியூஸ்டன் வெயிலில் வேர்வை பட்டு ஸ்லைடின் ஓரத்தில் எனக்குத் துரு வந்துவிட்டது. ஈப்போ புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். இந்த எல்சிபி 2008இல் வெளியானது. கீழே விழுந்தால் தானாக வெடிக்கக்கூடும் என்று அதே ஆண்டு அக்டோபரில் தயாரிப்பாளரே முதல் தொகுதிகளைத் திரும்ப அழைத்துப் பழுது நீக்கிக் கொடுத்தார்கள். என்னுடையது அதற்குப் பிந்தியது. இருந்தாலும் குளியலறையில் காற்சட்டையைக் கழற்றும்போதெல்லாம் ஞாபகம் வரும்.

அண்ணனிடம் ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் தேதியிலிருந்து, தகுதி உள்ளவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி சுமக்கலாம். ஆனால் நான் எச்1பி விசாவில் இருந்த காலத்தில் தொட முடியாது: வேலை விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. நிரந்தர வசிப்புக்கான பச்சை அட்டை வந்த பிறகுதான் வாங்கினேன். இன்றும் பியர்லண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகும்போது காரில் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் இறங்குகிறேன். அது சட்டத்துக்காக இல்லை. அம்மன் முன்னால் கைகூப்பும்போது தொடையில் அது உறுத்துகிறது.

வக்கீல்குமாஸ்தா (செவ்வாய், நண்பகல் 12.50)

மதிய உணவு நேரத்தில் எழுதுகிறேன், சுருக்கமாக.

உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் ஆயுதச் சட்டம் 8ஆம் பிரிவு: ஏழு ஆண்டுவரை சிறை, அல்லது பத்தாயிரம் ரிங்கிட்வரை அபராதம், அல்லது இரண்டும். துப்பாக்கிக் குற்றங்களுக்குத் தண்டனையைக் கூட்டிய 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 14 ஆண்டுவரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும். கொள்ளை போன்ற குற்றத்தின்போது சுட்டால் முன்பு கட்டாயத் தூக்கு. 2023இல் கட்டாயம் நீங்கியது. இப்போது தூக்கு, அல்லது 30 முதல் 40 ஆண்டுச் சிறையும் பிரம்படியும், நீதிபதியின் முடிவு.

தற்காப்பு உரிமை தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருக்கிறது. வழிப்பறிக்காரனை எதிர்க்கும்போது மரணம் விளைந்தாலும் காக்கும் பிரிவு அதில் உண்டு, 103. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது 99. பையை வாங்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுட்டுவிட்டு 103ஐக் காட்டினால் எங்கள் வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் வழக்கு மோசம் என்று பொருள்.

மூன்றாம்வருடமாணவன் (செவ்வாய், மாலை 4.15)

ஜெல் குண்டு அடிக்கும் பொம்மைத் துப்பாக்கி இணையத்தில் கிடைக்கிறதே? அசல் போலவே இருக்கிறது. அதைக் காட்டிப் பயமுறுத்தினால் போதாதா?

வக்கீல்குமாஸ்தா (செவ்வாய், மாலை 4.22)

தம்பி, அசல் போல இருப்பதுதான் சிக்கலே. போலித் துப்பாக்கி வைத்திருந்தால் ஆயுதச் சட்டம் 36ஆம் பிரிவு: ஓராண்டுவரை சிறை அல்லது ஐயாயிரம் ரிங்கிட்வரை அபராதம் அல்லது இரண்டும். இன்னொன்று: பாராங்கோடு வந்தவன் பயப்படாவிட்டால் அடுத்து என்ன செய்வாய்?

பொன்தராசு (செவ்வாய், இரவு 9.48)

எல்லாருக்கும் நன்றி. ஆனால் எனக்குக் கோபம் தீரவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, ஓட முடியாது. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் வெறுங்கையோடு நிற்க வேண்டும், கட்டுப்படாதவன் கையில் பாராங். இந்தக் கணக்கு எந்தத் தராசில் சரியாக வரும்?

முன்னாள்சார்ஜன் (புதன், காலை 6.10)

வராது ஐயா. நான் சீருடையில் இருந்தபோதும் வரவில்லை.

உங்களுக்குப் பின்சந்தில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் டென்னிஸ் டியூலர் என்ற போலீஸ்காரர் 1983இல் ஒரு கணக்கை எழுதினார். கத்தியோடு ஓடிவருகிறவன் 21 அடியை ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான்; பயிற்சி பெற்றவர் உறையிலிருந்து உருவிக் குறிபார்த்துச் சுடுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அது இடுப்பு உறைக்கான கணக்கு. உங்களிடம் வந்தவன் இரண்டு முழத்தில் நின்றான், உங்கள் வலது கையில் பை. காற்சட்டைப் பைக்குள் கைவிட்டு உருவ ஆரம்பித்திருந்தால் இந்த இழையை நீங்கள் தொடங்கியிருக்க மாட்டீர்கள்.

நான் அதிகம் பயப்படுவது வீட்டுக்குள் நடப்பதற்கு. மேகசினைக் கழற்றியதும் பிஸ்டல் காலியாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். குழலுக்குள் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஸ்லைடை இழுத்து, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவிப் பார் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இருட்டிலும் விரல் பொய் சொல்லாது. அப்படிப் பார்க்காத ஒரு சக ஊழியர் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டார். பெயர் வேண்டாம். இன்றும் மழை வந்தால் நொண்டுவார்.

எல்பில்பேரன் (புதன், இரவு 8.37)

என் தாத்தா எல்பில் தோட்டத்தில் பால் வெட்டினவர். இந்த ஊரில் துப்பாக்கியைப் பற்றிப் பேசிவிட்டு 1948 ஜூன் 16ஐத் தொடாமல் போக முடியாது என்பதால் நுழைகிறேன்.

அன்று காலை மூன்று இளைஞர்கள் சைக்கிளில் வந்து எல்பில் தோட்ட அலுவலகத்திலேயே வாக்கர் துரையைச் சுட்டார்கள். அதே காலையில் பக்கத்துத் தோட்டத்தில் மேலாளர் அலிசனும் அவருடைய உதவியாளர் கிறிஸ்டியனும் நாற்காலியில் கட்டிச் சுடப்பட்டார்கள். அன்றே பேராக்கிலும் ஜொகூரிலும் சில பகுதிகளில், கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான பிரிட்டிஷ் அரசின் அவசரகாலம். இரண்டு நாளில் மலாயா கூட்டரசு முழுவதும். 1960 ஜூலை 31 வரை நீடித்தது. நம் பையில் இருக்கும் அடையாள அட்டையும் 1948இல் பிறந்ததுதான்.

அதற்குப் பிறகு துரைமார்கள் எல்லாரும் இடுப்பிலோ பையிலோ ஏதாவது வைத்திருந்தார்களாம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் துரை குனிந்து பேர்ப்புத்தகத்தைப் பார்க்கும்போது சட்டைக்கு அடியில் புடைத்து நிற்குமாம். லயத்துப் (தொழிலாளர் வரிசை வீடு) பிள்ளைகள் அதைத்தான் பார்ப்பார்களாம். அதே பொருள் நம் ஆள் கையில் இருந்தால் தூக்கு. மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை ராவாங் பக்கத்தில் பிடித்தார்கள். குற்றம்: ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாவும். 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். நேருவின் அரசாங்கம் தலையிட்டும் நிற்கவில்லை. போலீசிடம் ஒப்படைக்கத்தான் எடுத்துப் போனார் என்று அவர் தரப்பில் சொன்னார்கள்.

தாத்தா அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். 1990களிலும் தாழ்த்தினார்.

செம்பனைச்சடக்கு (புதன், இரவு 9.02)

மணியாச்சியில் 1911 ஜூன் 17 அன்று வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால்தான். காந்தியைச் சுட்டது இத்தாலியில் செய்த பெரெட்டா, 1934 மாதிரி. அதுவும் அமெரிக்கத் தம்பி காட்டியதைப் போல .380 தோட்டா போடுவதுதான். நம் ஊர் மகாத்மா காந்தி கலாசாலையில் படித்தவன் நான். படத்துக்கு மாலை போட்டிருக்கிறேன். இது தெரிந்தது நாற்பது வயதில்.

பால்வாளி (புதன், இரவு 11.40)

நான் இங்கே எழுதுவதில்லை, படிப்பதோடு சரி. இன்று தூக்கம் வரவில்லை.

என் கணவரின் தாத்தா தோட்டத்தில் துரையின் கார் ஓட்டியவர். லயத்தைக் காலிசெய்து மலிவுவிலை வீட்டுக்கு வந்தபோது அவருடைய தகரப் பெட்டியும் எங்களோடு வந்தது. அதற்குள் ஒரு பிஸ்கட் டின். பொத்தான் போட்டு வைக்கும் டின் என்று மாமியார் சொல்வார். இன்று மகளின் பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் தேடித் தட்டில் கொட்டினேன். பொத்தான்களோடு இரண்டு தோட்டாக்கள் உருண்டு வந்தன. என் சுண்டுவிரலின் மேல் இரண்டு கணு நீளம்கூட இல்லை. பித்தளை பச்சை பூத்திருக்கிறது. அடிப்பக்கம் வட்டமாக ஏதோ பொறித்திருக்கிறது, 6.35 என்பது மட்டும் தெரிகிறது. மகள் அதைப் பாசிமணி என்று எடுத்துவிட்டாள்.

குமாஸ்தா ஐயா எழுதியதைப் படித்த பிறகு கை நடுங்குகிறது. "தோட்டாவோ" என்று எழுதியிருக்கிறீர்கள். ஆற்றில் போட்டுவிடட்டுமா? படம் இணைத்திருக்கிறேன்.

நெறியாளர் (புதன், இரவு 11.46)

அம்மா, படத்தை நீக்கிவிட்டேன், உங்கள் நன்மைக்காக. சார்ஜன் ஐயாவுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

முன்னாள்சார்ஜன் (வியாழன், காலை 5.50)

மகளே, ஆட்டுக்குத் தழை வெட்டப் போகுமுன் எழுதுகிறேன். பயப்படாதே. ஆற்றில் போடாதே, யாராவது வலையில் எடுப்பார்கள். தட்டாதே, துடைக்காதே, அடுப்புப் பக்கம் வைக்காதே. டின்னோடு அலமாரியின் மேல் வை. பிள்ளை கைக்கு எட்டக் கூடாது.

முக்கியமானது: நீயே நிலையத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதே. கணவர் மோட்டார் சைக்கிளில் எடுத்துப் போவதும் வேண்டாம். வழியில் சாலைத் தடுப்பில் பையைத் திறக்கச் சொன்னால், ஒப்படைக்கத்தான் போகிறேன் என்று சொல்லிப் பயனிருக்காது. நேற்றிரவு எல்பில்காரர் எழுதியதைப் படித்தாய் அல்லவா? தொலைபேசியில் சொல். வீட்டைச் சுத்தம் செய்யும்போது கிடைத்தது, இறந்துபோன பெரியவரின் பெட்டி, இன்ன இடத்தில் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். அழைத்த நேரத்தையும் பேசியவரின் பெயரையும் எழுதி வைத்துக்கொள்.

பொன்தராசு (வியாழன், காலை 7.15)

நீக்குவதற்கு முன் படத்தைப் பார்த்துவிட்டேன். 6.35 என்றால் அமெரிக்காவில் .25 என்கிறார்கள் என்று தம்பி சொன்னான். பெல்ஜியத்தின் எஃப்என் தொழிற்சாலை, 1900களின் தொடக்கத்தில் பிரவுனிங் வடிவமைத்த சட்டைப்பைப் பிஸ்டலோடு வெளியிட்ட அளவாம். முனையில் இருக்கும் குண்டு 3.2 கிராம்தான் என்றான்.

3.2 கிராம் அரைப் பவுனுக்கும் குறைவு. அந்த எடையில் நான் செய்வது குழந்தைக்குக் காது குத்தும்போது போடும் தோடு.

ஹியூஸ்டன்மாப்பிள்ளை (வியாழன், காலை 8.30)

அண்ணே, தீபாவளிக்கு வருகிறேன். கவலைப்படாதீர்கள், வெறுங்கையோடுதான் வருவேன். சுடும் தளத்துக்குக் கொண்டுபோகும் பையையும் வீட்டிலேயே விட்டுவிடுகிறேன். மூலையில் ஒரு தோட்டா ஒட்டிக்கொண்டிருந்தாலும் விமான நிலையத்திலேயே தீபாவளி முடிந்துவிடும்.

பொன்தராசு (வெள்ளி, இரவு 10.05)

மனு எழுதத் தாள் எடுத்தேன். "காரணம்" என்று எழுதிவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சந்தில் நின்றவனுக்கு வயது இருபதுகூட இருக்காது. ஹெல்மெட்டுக்குள் அவன் கண் இமைத்துக்கொண்டே இருந்தது. என்னைவிட அவன் அதிகமாகப் பயந்திருந்தான் என்று இப்போது தோன்றுகிறது. இதை எந்தப் பாரத்தில் எழுதுவது?

தாளை மடித்து வைத்துவிட்டேன், கிழிக்கவில்லை. இன்று இரும்புக் கதவுக்காரரைக் கூப்பிட்டு முன்வாசலுக்கு இரட்டைக் கிரில் அளவெடுக்கச் சொன்னேன். வாடிக்கையாளர் பொருளை இனி இரவில் வெளியே எடுத்துப் போவதில்லை, பெட்டகத்திலேயே இருக்கும். பின்சந்தின் தூணில் விளக்கு எரிந்து எட்டு மாதமாகிறது. அதற்கு ஒரு கடிதம் எழுதிவிட்டேன். இது எழுத வந்தது.

செம்பனைச்சடக்கு (வெள்ளி, இரவு 10.20)

கிரில் அடிக்கும் ஆள் எங்கள் பக்கத்துக்காரர். விலையைக் குறைக்கச் சொல்கிறேன். பால்வாளி அக்கா என்ன ஆனார்?

பால்வாளி (சனி, காலை 10.30)

மன்னிக்கவும், வீட்டில் ஒரே கூட்டம்.

வியாழன் மதியம் அழைத்தேன். மாலையில் இருவர் வந்தார்கள். ஒருவர் பெண், வயது என் தங்கையளவு இருக்கும். கையுறை போட்டு எடுத்து, படம் பிடித்து, சின்ன நெகிழிப்பையில் போட்டார்கள். தாத்தாவின் பெயர், இறந்த ஆண்டு, எந்தத் தோட்டம், எந்த லயம் என்று எல்லாம் எழுதினார்கள். இதற்கான பிஸ்டல் வீட்டில் இருக்கிறதா என்று தகரப் பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்கள். ஒரு பேர்ப்புத்தகம், ஒரு மூக்குக்கண்ணாடி, துரை கொடுத்த நற்சான்றிதழ் ஒன்று. வேறில்லை.

துரை அந்தப் பிஸ்டலைக் காற்சட்டைப் பையில்தான் வைத்திருப்பாராம், காரில் உட்காரும்போது எடுத்து மடியில் வைத்துக்கொள்வாராம். மாமியார் இதை இப்போதுதான் சொல்கிறார். நாற்பது ஆண்டாகப் பொத்தான் எடுத்த டின்னில் இது கிடப்பது தெரியுமா என்று கேட்டேன். தெரியும், ஊக்கு என்று நினைத்தேன் என்கிறார். எனக்கு நம்பிக்கை இல்லை.

டின்னையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். மாமியார் வாசல் வரைக்கும் பின்னாலேயே போய், டின்னைத் திரும்பத் தருவீர்களா என்று மலாயில் மூன்று முறை கேட்டார். அந்தப் பெண் தருவதாகச் சொன்னார். அதுவரை பொத்தான்கள் ஐஸ்கிரீம் டப்பாவில் கிடக்கின்றன.